அக்காவோடு ஆம்பே

அம்மாவின் வீட்டைப் போக்குவா தன் பேருக்கு மாற்றிக்கொண்ட நாளிலிருந்து அவளோடு அக்கா செர்வா பேசவில்லை. பேசாமலே செத்தும் போனாள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போனபின், அந்த வீட்டு முற்றத்தில் போக்குவா கைதட்டிக் குதித்து வலது காலை நீட்டினாள். சிறுவயதில் இருவரும் எதிரெதிரே நின்று ஓயாமல் ஆடிய ஆம்பே விளையாட்டு. இருவரும் வலதுக்கு வலது, இடதுக்கு இடது என்று ஒரே காலை நீட்டினால் தங்கைக்கு வெற்றி. கால் மாறினால் அக்காவுக்கு.

எதிரே செம்மண்ணில் ஒரு வலது பாதம் பதிந்தது.

“வந்துட்டியா அக்கா? நீ ஒருதரம் ஜெயிச்சாப் போதும், நீ என்னை மன்னிச்சிட்டதா எடுத்துக்குவேன். நான் வலது காலைத்தான் நீட்டுவேன், பாத்துக்க!”

தோற்றால் அழுது ஊரைக் கூட்டுகிறவள் செர்வா.

போக்குவா சொன்னபடியே வலது காலை நீட்டி நீட்டிக் குதித்தாள். எதிரேயும் வலது பாதமே பதிந்துகொண்டிருந்தது. அந்தி சாயும்வரை போக்குவாவே ஜெயித்தாள்.