இடது ஓரத்துக் கோடு

உலகநாதனுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது. மண் சுமந்து பிசகிய இடுப்பு, இனிக் கூடை தாங்காது. படம் போடப் பழகிக்கொண்டால் ரோடு போடும் வெள்ளைக்காரத் துரையின் ஆபீசில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்கும் என்று அங்கே படம் வரைகிற தனிஸ்லாஸ் சொல்லியிருக்கிறார். பாகூர் ஏரிக்குப் போகும் புது ரோட்டின் நடுவில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், மடியில் பலகையும் காகிதமுமாக உட்கார்ந்திருக்கிறான். "கண்ணுக்கு எப்பிடித் தெரியுதோ அப்பிடியே போடுய்யா. ரெண்டு ஓரமும் போகப்போகக் குறுகி ஒரு புள்ளியில சேரணும்" என்கிறார் தனிஸ்லாஸ். அளவுகோலை வைத்து இழுக்கிறான். வலது ஓரம் ஒழுங்காகப் புள்ளியில் போய் நிற்கிறது. இடது ஓரம் மூன்றாவது பனைமரம் வரைக்கும் கோட்டோடு வருகிறது. அதற்கப்பால் அளவுகோல் நேராகப் போக, ரோடு உள்ளே ஒடிகிறது. கண்ணுக்குத் தெரிகிறபடியே கோட்டையும் உள்ளே ஒடித்து வரைகிறான். பென்சில் வியர்வையில் வழுக்குகிறது. கூடையோடு கடந்துபோகும் அவன் பெண்சாதி சின்னபொண்ணு எட்டிப் பார்த்து நின்றுவிடுகிறாள். "இன்னாய்யா, எங்க எல்லார் வயித்துலயும் அடிக்கவா படம் போடுற? கோட்ட நேரா இழுத்துவுடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுக்கிறாள். தனிஸ்லாஸ் குனிகிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு காகிதத்தையும் ரோட்டையும் மாறிமாறிப் பார்க்கிறார். "இந்த எடத்துல உன் கை நடுங்கிடுச்சா, இல்ல ரோடே இப்பிடித்தானா?" உலகநாதன் மூன்றாவது பனைமரத்துக்கு அப்பால் பார்க்கிறான். மழைக்கு முன்னால் அவனும் அவனோடு மண் சுமந்தவர்களும் அவசரமாக மண் கொட்டி, அளவு சரியென்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்ட அந்தத் துண்டில், ரோட்டுக்கு இரண்டு முழ அகலம் இன்னும் பாக்கி.