நாலு சேர்ந்து தேடினால்

நாலு கணனிகள் பங்கிட்டுத் தேடினால் சதுரங்கத்தில் நல்ல நகர்த்தல் எவ்வளவு விரைவாகக் கிடைக்கும் என்பதுதான் இணுவில் விரிவுரையாளர் சோமசேகரத்தின் கட்டுரை. நாளை கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து கொழும்புக்குப் போகிறவரிடம் அதைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

"ஒண்டு தனியத் தேட ஒரு மணித்தியாலம். நாலும் சேர்ந்து தேட ஒண்டரை" என்றார் சோமசேகரம் சோர்வாக.

வீட்டுக்கு வந்திருந்த பேராசிரியர் அருளம்பலம் சிரித்தார். "ஏன் அப்பிடி?"

"ஒண்டு கூடாதெண்டு கழிச்ச நகர்த்தலையே மற்றது மினக்கெட்டு ஆராயுது சேர். கண்டதை உடன மற்றதுகளுக்குச் சொல்ல வைச்சன். இப்ப சொல்லுறதுதான் நடக்குது, தேடுறதைக் காணேல்லை."

"ஒண்டை நிப்பாட்டிப் பாருமன்."

"நிப்பாட்டினால் வீட்டிலை எனக்குச் சோறு கிடையாது."

"அதுசரி, சண்டையாலை ரெண்டு வருசமாய்க் கறண்டே இல்லை. எதிலை ஓட்டுறீர்?"

சோமசேகரம் அறைக் கதவைத் திறந்தார். தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த, மனைவியின் கூடப்பிறந்த மச்சான்மார் நாலுபேரும், ஆளுக்கொரு சதுரங்கப் பலகையோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேநீருடன் வந்த மனைவி நாகேஸ்வரி ஆறுதலாகச் சொன்னாள்:

"பெரியண்ணையும் பின்னேரம் வாறாராம். அவரையும் சேருங்கோவன், கெதியா முடிஞ்சிடும்."