கண் வரைக்கும்

முத்தியால்பேட்டைக் கணினிக் கடையின் இரும்புக் கதவில் மாலை வெயில் மின்னுகிறது. வீட்டில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து என் மகன் ஃபவாஸ் கைதவறி அழித்த படங்களைக் கடைக்காரர் இனியவன் மீட்கிறார். மறைந்த என் மனைவி பரீதாவுக்கு வேறு படமே கிடையாது. எங்கள் வீட்டுப் பெண்களை அந்நிய ஆண்கள் பார்க்கும் வழக்கமும் கிடையாது. “தம்பி, சுவர்ப் பக்கம் திரும்பிக்குங்க.” “பார்க்காம எப்படி பாய் சரிபண்றது? எனக்கு முதுகுலயா கண்ணு இருக்கு?” என்று சிரித்தபடி நாற்காலியைத் திருப்பிக்கொள்கிறார். திரையில் சாம்பல் கட்டங்கள் மெல்ல நிறம் பெறுகின்றன. ஒன்றில் வெள்ளைத் துப்பட்டி, நெற்றி, கண்கள். அதற்குக் கீழே சாம்பல்தான். அவள் சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. என் விரல் திரையைத் தொட்டபடி நிற்கிறது. “வந்துடுச்சா பாய்?” சுவரைப் பார்த்தே கேட்கிறார். “கண்ணு வரைக்குந்தான் வந்திருக்கா,” என்கிறேன். “திரும்பிப் பாருங்க தம்பி.”