எட்டாவது விரல்

"தோன் எலாடியோ, இதுக்குப் பேரு பாட்டா? நொண்டிக் கழுதை மலையேறுற மாதிரி இருக்கு!"

நெரெய்தா பாடி முடித்த மூச்சு அடங்குமுன் கிரிஸ்பின் மைக்கைப் பிடுங்கிவிட்டான்.

புவேர்த்தோ ரிக்கோ மலையூரில் மூன்று ராஜாக்கள் திருநாள் என்றால் பாட்டுப் போட்டிதான். மேடையிலேயே கட்டிப் பாட வேண்டும். பத்து வரி, வரிக்கு எட்டு அசை. ஆறு வருடமாகக் கிரீடம் கிரிஸ்பின் தலையில். அவன் கர்வத்தைச் சுமந்து வரத் தனியாக ஒரு லாரி வேண்டும். நெரெய்தாவுக்கோ இதுதான் முதல் இறுதிச் சுற்று.

நடுவர் தோன் எலாடியோ வறுத்த பன்றித் தோலை மென்றபடி, "குத்தம் இருந்தா சொல்லுப்பா" என்றார்.

"ஒண்ணா ரெண்டா? முதல் வரி 'இதயம்'னு முடியுது. நாலாவது? 'உதயம்'! இந்த இயைபை எங்க வீட்டு ஆடுகூடச் சொல்லும்."

"ஆடு சொன்னாலும் இயைபு சரிதானே?" என்றாள் நெரெய்தா.

"பொறும்மா, அளவுக்கு வரேன்."

விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். ஒன்பது வரிக்கும் எட்டு விரல் ஒழுங்காக மடங்கியது. அவன் முகம் புளித்த பழமாகிக்கொண்டே வந்தது. பத்தாவது வரி.

"கோ... ழி... கூ... வா... த... கா... லை!"

எட்டாவது விரல் அந்தரத்தில் நின்றது.

"ஏழு! ஏழே அசை!" அவன் போட்ட கூச்சலில் மூன்று மலை தாண்டி மாடுகள் பால் தர மறுத்தன. "சீ! இதையும் ஒரு வரின்னு வெக்கமில்லாம வெளிய விட்டிருக்கே ஒரு ஜென்மம்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கிரிஸ்பின் தொப்பியைக் கழற்றிக் குனிந்து ஏற்றுக்கொண்டான். நெரெய்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, என்ன தண்டனை தரலாம்?" என்றார் நடுவர்.

"கெட்ட வரிக்குச் சொந்தக்காரங்க இனி இந்த மேடையில கால் வைக்கக் கூடாது!"

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மாதா மேல சத்தியம்!"

சிரித்த சிரிப்பில் இரண்டு பெஞ்சுகள் சாய்ந்தன. தோன் எலாடியோ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கிரீடத்தை நெரெய்தா தலையில் வைத்தார்.

"அப்போ நீ இறங்கு, கிரிஸ்பின். பத்தாவது வரியை எதிராளிதான் எடுத்துக் கொடுக்கணும்ங்கிறது நம்ம விதி; திட்டுற வேகத்துல அதை மறந்துட்டே. நீ இவளுக்குக் கொடுத்தப்போ 'கோழீஈ'ன்னு இழுத்த இழுப்புல, நாங்ககூட அதை எட்டுன்னுதாம்ப்பா நம்பிட்டோம்!"