மூன்று துளை

"முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் என் உயரம் தெரியலையா உங்களுக்கு? இதைப் பிடிச்சா என் தோள் காதைத் தொட்டுடும் போல."

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே தையல்காரி சண்டையை ஆரம்பித்துவிட்டாள். கணவர் வாங்கி வைத்திருந்த வாக்கர் அவளுக்கு ஏகத்துக்கும் உயரம். அவர் அதைக் கட்டில்மேல் படுக்கப் போட்டு, நான்கு கால்களிலும் பொத்தானை அழுத்தி, மூன்று துளை கீழே இறக்கினார்.

"கண்ணளவுல வாங்கினேன், தப்பாயிடுச்சு."

"தேதி வாங்குறதுல மட்டும் கெட்டிக்காரர். அவனவன் ரெண்டு மாசம் காத்துக் கிடக்கிறான். நான் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாம விழுந்த நாலாம் நாளே ஆபரேஷன்."

"ஆள் தெரிஞ்சா எல்லாம் நடக்கும்" என்றார் அவர் மிதப்பாக.

தையல்காரிக்கு ஒரே கவலைதான். மறுபடியும் மெஷினை மிதிக்க முடியுமா? பன்னிரண்டு வயதில் மிதிக்க ஆரம்பித்தவள். அது இல்லையென்றால் பொழுது எப்படி விடியும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

பிசியோதெரபிப் பெண் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவாள். மற்ற நாளெல்லாம் கணவர்தான் வாத்தியார். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு எண்ணுவார்.

"இன்னும் பத்து தடவை மடக்கு."

"உசிர் போகுதுங்க."

"போகாது. மடக்கு."

"உங்களுக்கென்ன, நின்னுக்கிட்டே அதிகாரம் பண்ணுவீங்க. வலிக்கிறவளுக்குத்தானே தெரியும்."

அவர் எண்ணிக்கையை விடவில்லை. கட்டிலிலிருந்து நழுவி விழுந்த துண்டைக்கூடக் குனிந்து எடுக்காமல், கைத்தடியால் கொக்கி போட்டுத் தூக்கினார்.

"குனிஞ்சா கௌரவம் குறைஞ்சுடுமா?" என்று அதற்கும் ஒரு குத்தல். கல்லுளிமங்கனைக் கட்டிக்கொண்டோம் என்று அவளுக்கு அழுகையே வந்தது.

ஏழாவது வாரம் மெஷின் முன்னால் உட்கார்ந்து, பயந்து பயந்து மிதித்தாள். சக்கரம் சுற்றியது. ஒரு தலையணை உறையை முழுசாக ஓட்டி முடித்துவிட்டு, உறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க விடாம விரட்டலைன்னா இது நடந்திருக்காதுங்க" என்றாள் மனசார. "வாக்கரை யாருக்காவது கொடுத்துடுங்க. இனி அது நமக்கு எதுக்கு?"

அவர் வாக்கரைக் கட்டில்மேல் போட்டார். பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி, மறுபடியும் மூன்று துளை மேலே ஏற்றினார்.

"எதுக்கு ஏத்துறீங்க? யார் அவ்வளவு உயரம்?"

"நான்தான்" என்றார் அவர், முழங்காலைத் தடவியபடி. "தேதிக்கு ஆள் தெரியும்னு சொன்னேனே, அந்த ஆளும் நான்தான். எனக்குக் கொடுத்திருந்த தேதியைத்தான் உன் பேருக்கு மாத்திவிட்டேன். திங்கக்கிழமை எனக்கு மறுபடி கிடைச்சிருக்கு. நின்னுக்கிட்டு அதிகாரம் பண்ண இப்பதான் நீ இருக்கியே."