அந்த ஒன்பது நிமிடம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கோபத்தில் கொதித்த ஒருத்தியின் கதை இது. உங்கள் கையிலிருக்கிற டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஒரகடத்தில் ஒரு லாரித் தொழிற்சாலை. காலை ஷிப்ட் முடிந்த மதிய வெயிலில், ஆளில்லாத ஆறாம் நம்பர் கம்பெனி பஸ்ஸுக்குள், ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தாள் தங்கமாரி. கூட வேலை செய்கிற பாபு படிக்கட்டில் காவல் நின்றான்.

“சீக்கிரம்கா, டிரைவர் வந்துகினு கீறாரு!”

“வரட்டும்டே. அவரு வரத்தான வேணும்?” என்றபடி, தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை உருவி எடுத்தாள்.

திருட்டு இல்லை கண்ணுகளா, ஆத்திரம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, தண்டலத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவள் அவள். லாரிகளைக் கம்ப்யூட்டரில் மாட்டிச் சோதிக்கிற பிரிவில் டிரெய்னி. பஸ்ஸுக்கு முதல் நிறுத்தம் தண்டலம்தான். விடியாத இருட்டில், வண்டிகள் பறக்கிற சாலையோரத்தில், அங்கே ஏறுவது அவள் ஒருத்திதான்.

ஒரு மாதமாக அந்த பஸ் ஆறு மணி கேட் மூடிய பிறகுதான் வந்து சேர்கிறது. மூன்று தாமதத்துக்கு அரை நாள் லீவு வெட்டு. இன்னும் ஒரு வெட்டு விழுந்தால் தங்கமாரிக்கு வேலை நிரந்தரமாகாது.

போன வாரமே போக்குவரத்து அதிகாரி ராஜாமணியிடம் போய்ச் சண்டை போட்டாள். “அஞ்சு பத்துக்கு வரவேண்டிய வண்டி சார். நான் அஞ்சு இருபதுக்குப் போனாலும் அப்பத்தான் வந்து நிக்கி. டிரைவர்கிட்ட கேட்டா டிராபிக்குங்காரு. அந்த நேரத்துல ஏது சார் டிராபிக்கு?”

பஸ்ஸின் ஜி.பி.எஸ். பெட்டி செத்து ஆறு மாதம். “ஆதாரம் கொண்டாம்மா, அன்னைக்கே அந்தாளுகிட்ட சாவிய வாங்கிடறேன்” என்றார் அவர்.

அதற்காகத்தான் நேற்று மாலை அந்தக் கருவியை டெஸ்டிங்கில் கேட்டு வாங்கி, பஸ்ஸின் சாக்கெட்டில் சொருகிவிட்டுப் போனாள். இன்ஜின், பிரேக், கதவு எல்லாம் வயருக்குள்ளே தங்களுக்குள் பேசிக்கொள்வதை அது ஒட்டுக் கேட்கும். குறுக்கே ஒரு வார்த்தை பேசாது. யு.எஸ்.பி. வயரில் கம்ப்யூட்டரோடு இணைத்தால், கேட்டதையெல்லாம் நேரத்தோடு ஒப்பிக்கும்.

ராஜாமணி வந்தார். பஸ்ஸில் வருகிற பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். டிரைவர் கன்னியப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி ஓரமாக நின்றார்.

முன் சீட்டில் லேப்டாப்பை வைத்து வயரைச் சொருகினாள் தங்கமாரி. திரை முழுக்க வெறும் எண்கள்.

“இன்னாக்கா, லாட்டரி ரிசல்ட்டா?” என்றான் பாபு. நாலு பேர் சிரித்தார்கள்.

“செத்தப் பொறுடே.” எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்கிற பட்டியலை ஏற்றினாள். எண்கள் எழுத்துகளாயின. அவள் குரலும் ஏறியது.

“பாருங்க சார், இன்னைக்குக் காலையில. நாலு அம்பத்தஞ்சுக்கு ஷெட்டுல இன்ஜின் ஸ்டார்ட். அஞ்சு பத்துக்கு வண்டி நிக்கி, கதவு தொறக்கு. அஞ்சு பத்தொம்பதுக்குத்தான் கதவு மூடுது. ஒம்பது நிமிசம் சார்! அஞ்சு இருபத்தெட்டுக்கு இருங்காட்டுக்கோட்டையில இவங்கள்லாம் ஏறுதாங்க. எங்க சார் டிராபிக்கு?”

“ஒம்போது நிமிசத்துல டீ குடிச்சியா, டீ எஸ்டேட்டே வாங்கினியாண்ணே?” என்றான் பாபு.

“தூங்குற புள்ளைங்க மூஞ்சியக்கூடப் பாக்காம ஓடியாந்து நிக்கிறோம். இவுரு சொகமா குந்திகினு கீறாரு!” என்று கத்தினாள் இரண்டு பிள்ளைக்காரி மஞ்சுளா.

ராஜாமணி திரும்பினார். “எங்கய்யா நின்ன?”

“வழில நின்னேன் சார்.”

“எதுக்கு?”

“சும்மாதான் சார்.”

“சும்மாவா? இத்தினி பேரு வயித்துல அடிச்சிட்டு சும்மான்றியே! சாவியக் குடு. நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வராத.”

கன்னியப்பன் சாவியைக் கொடுத்தார். ராஜாமணி ஆபீஸ் பக்கம் நடந்தார். மற்றவர்களும் திட்டித் தீர்த்துவிட்டுக் கலைந்தார்கள்.

தங்கமாரிக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கப்போன மனிதரை மறித்தாள்.

“என் வேலைக்கே உலை வச்சுட்டு, கல்லு கணக்காப் போறீங்களே அண்ணாச்சி! ஒரு மன்னிப்பு உண்டா? தெனமும் யாருக்காக அந்தக் கதவத் தொறந்து போட்டுக்கிட்டு நின்னீங்க? சொல்லிட்டுப் போங்க!”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். காது கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“உனக்காவத்தாம்மா. தண்டலத்துல நீ ஏறுனப்புறம்தானே கதவ மூடுனேன்.”

போய் வாருங்கள் கண்ணுகளா. விடியுமுன் உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்புகிற பிள்ளைகள் எல்லாரும் பத்திரமாய்ப் போய், பத்திரமாய் வீடு திரும்பட்டும்.