முதல் பக்கம் இல்லாத புத்தகங்கள்

போர்க்காலப் பொருளாதாரத் தடையால் புதுப் புத்தகம் எதுவும் வராத காலம். புத்தூர்ச் சந்தியில் சிவக்கொழுந்தின் புத்தகக்கடை பூட்டப்படாமல் இருந்ததற்கு மீனாம்பிகை ரீச்சர்தான் காரணம். கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்த அவர், வெள்ளி தவறாமல் வந்து பழைய புத்தகங்கள் வாங்குவார்.

“முதல் பக்கம் கிழிஞ்சிருக்கு ரீச்சர், வேறை பாருங்கோ.”

“பறவாயில்லைத் தம்பி. நீங்கள் கடையைப் பூட்டாமல் இருந்தால் போதும்.”

அந்தப் பரிவு அவனைக் குத்தியது. ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டான்.

“ரீச்சர், உதெல்லாம் சனம் விட்டிட்டு வந்த வீடொண்டிலை எடுத்த புத்தகங்கள். ஒருத்தன் சாக்கிலை கொண்டுவந்து தாறவன். களவெண்டு தெரிஞ்சும் வாங்கினன். மார்க்கண்டு எண்டு பேர் எழுதியிருந்த பக்கங்களைக் கிழிச்சதும் நான்தான்.”

ரீச்சர் கையிலிருந்த புத்தகத்தை மெல்லத் தடவினார்.

“புத்தகங்களைக் கண்டவுடனை தெரிஞ்சது தம்பி. அது என்ரை மனுசன்ரை பேர்.”

சிவக்கொழுந்து கதிரையை விட்டு எழுந்தான்.

“ஐயோ, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் எல்லாத்தையும் சும்மா தந்திருப்பனே!”

“சொன்னால் நீங்கள் பயந்து, அவனை வரவேண்டாமெண்டு மறிச்சிருப்பியள்.”

“அவன் வரட்டும் எண்டோ சொல்லுறியள்?”

ரீச்சர் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

“புத்தகங்களை எடுத்துக்கொண்டு வாறன் எண்டு வீட்டுக்குத் திரும்பிப் போனவர், நாலு மாதமாய் வரேல்லைத் தம்பி. அந்த வீட்டுக்குப் போய் வாறவன் உங்கடை சாக்குக்காரன் ஒருத்தன்தான். நீங்கள் கடையைப் பூட்டினால், இவரைக் கண்டதோ எண்டு நான் ஆரிட்டைக் கேக்கிறது?”